லிண்டலோடு நின்றுபோகும் வீடுகள்: குழுவாகச் சேர்ந்து வீடு கட்ட வருகிறவர்களுக்கு

திருச்சியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: “அலுவலகத்தில் நாங்கள் இருபத்தைந்து பேர். மாதம் இரண்டு ஞாயிறு ஒதுக்க முடியும். இரண்டு லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறோம். திருத்துறைப்பூண்டி பக்கத்தில் குடிசையில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு நாங்களே சேர்ந்து வீடு கட்டிக் கொடுக்க ஆசை. யாருக்கும் கட்டட வேலை தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?”

ஊரக வீட்டு வேலைகளுக்கு ஓவர்சியராகப் பல வருடம் அளவெடுத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு உங்களைப் போன்ற குழுக்களோடு டெல்டாவில் சில வீடுகளுக்குக் கூடவே நின்றிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டை நீங்கள் கட்டிக் கொடுக்க வேண்டாம். அந்தக் குடும்பமே கட்டட்டும். கட்டி முடிக்க முடியாமல் எந்த இடத்தில் அவர்கள் நின்றுபோவார்களோ, அந்த இடத்தில் நீங்கள் போய் நில்லுங்கள். நான் சொல்ல வந்தது இதுதான்.

எந்த இடத்தில் நிற்கும் என்று தெரிய வேண்டுமானால் திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகிற பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாருங்கள். லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே ஓடும் கான்கிரீட் பட்டை) வரை எழும்பிய சுவர், துருப்பிடித்துத் தொங்கும் சன்ஷேடு கம்பி, உள்ளே ஆளுயரத்துக்குக் கருவேலஞ்செடி என்று வீடுகள் தென்படும். அதை ஒட்டியே தார்ப்பாய் மூடிய பழைய குடிசையும் இருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது முதலில் பறந்தது இந்த மாதிரிக் கூரைகள்தான். அதற்குப் பிறகு வீடு கட்ட ஆரம்பித்தவர்களில் பாதி வழியில் நின்றவர்களை நான் நேரில் பார்த்தேன்.

ஏன் நிற்கிறது? அரசு பணம் தராமல் இல்லை. தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2024இல் அறிவிக்கப்பட்டது. 2030க்குள் 8 லட்சம் குடிசைகளை கான்கிரீட் வீடுகளாக மாற்றுவது இலக்கு. வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் தளம், மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டத்தில் குறைந்த அளவு 25 சதுர மீட்டர். சமவெளிப் பகுதிக்கு 1.20 லட்சம் என்பது அந்தத் திட்டத்தின் அடிப்படைத் தொகை. இந்தத் திட்டங்களில் பணம் தவணை தவணையாக, ஒரு கட்டம் முடிந்து அளவெடுத்த பிறகுதான் வரும். அதாவது பேஸ்மட்டம் (தரை மட்டம் வரை உயர்த்திய அடித்தளம்) முடித்தால் அதற்குரிய பணம், லிண்டல் முடித்தால் அடுத்தது. தவணை வர வேண்டுமானால் வேலை முடிந்திருக்க வேண்டும். வேலை முடிய வேண்டுமானால் கையில் பணம் இருக்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிற குடும்பத்திடம் அந்த முதல் பணம் எங்கே இருக்கும்? மூன்று வட்டிக்கும் ஐந்து வட்டிக்கும் வாங்குவார்கள். மாதத்துக்கு நூற்றுக்கு ஐந்து ரூபாய் என்றால் வருடத்துக்கு அறுபது. தவணை ஒரு மாதம் தள்ளிப்போனால் வட்டி ஏறும், கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விடுவார், மழை வந்துவிடும். அவ்வளவுதான், வீடு நின்றது.

அதனால் உங்கள் இரண்டு லட்சத்தை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். சுற்ற விடுங்கள். இந்தத் திட்டங்களில் வீட்டுக்கான உத்தரவு கிடைத்த குடும்பத்துக்கு ஒரு கட்டத்துக்கு வேண்டிய தொகையை வட்டியில்லாமல் முன்பணமாகக் கொடுங்கள். தவணை வந்ததும் அது உங்களிடம் திரும்பட்டும். அடுத்த கட்டத்துக்கு மீண்டும் கொடுங்கள். வீடு முடிந்ததும் அதே பணம் அடுத்த குடும்பத்துக்குப் போகும். இரண்டு லட்சத்தில் நீங்கள் தனியாக அரை வீடுகூடக் கட்ட முடியாது. அதே இரண்டு லட்சம் சுற்றினால் சில வருடத்தில் நான்கைந்து வீடுகள் நிற்காமல் முடியும். அதில் ஐம்பதாயிரத்தை மட்டும் திரும்ப வராத பணமாக ஒதுக்கி வையுங்கள். திட்டத் தொகைக்குள் அடங்காமல் நிற்கிற தரை, உள்பூச்சு, கழிப்பறைக் கதவு ஆகியவற்றுக்கு அது வேண்டியிருக்கும்.

இந்த யோசனை என்னுடையது இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் அமெரிக்கஸ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் கொய்னோனியா என்றொரு பண்ணை உண்டு. வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக உழைத்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்று 1942இல் கிளாரன்ஸ் ஜோர்டான் என்பவர் தொடங்கியது. நிறவெறி உச்சத்தில் இருந்த ஊரில் அதற்காக நிறைய அடிபட்டார்கள். அங்கே 1960களில் வந்து சேர்ந்தவர் மில்லார்டு ஃபுல்லர். வக்கீல், நிறையச் சம்பாதித்து எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு மனைவி லிண்டாவோடு வந்தவர். பண்ணையைச் சுற்றியிருந்த ஏழைக் குடும்பங்களுக்கு லாபம் வைக்காமல், வட்டி போடாமல் வீடு கட்டிக் கொடுப்பது, அவர்கள் திருப்பிக் கட்டுகிற பணத்தில் அடுத்த வீடு கட்டுவது என்று 1968இல் ஆரம்பித்தார்கள். அதிலிருந்துதான் 1976இல் ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி பிறந்தது. குழுவாகப் போய் வீடு கட்டுவது என்றதும் உலகம் முழுக்க நினைவுக்கு வருவது இந்த அமைப்புதான். 1984இல் நியூயார்க்கில் ஒரு பாழடைந்த அடுக்ககத்தைச் சீரமைக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் மனைவியோடு பேருந்தில் போய்ச் சுத்தியல் பிடித்தார். அந்தப் படங்கள் வந்த பிறகு தொண்டர்கள் குவிந்தார்கள். 2006இல் அவர் மகாராஷ்டிரத்தின் லோனாவாலா பக்கமும் வந்தார். 100 வீடுகளுக்கான வேலை அது.

கார்ட்டரின் சுத்தியலை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, வீடு பெறும் குடும்பம் தன் வீட்டுக்கும் மற்றவர் வீட்டுக்கும் இத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்ற விதியும், வட்டியில்லாமல் சுற்றுகிற அந்தப் பணமும். தொண்டர்கள் வருவார்கள், போவார்கள். குடும்பம் தன் கையால் கட்டியதும், பணம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்ததும்தான் அந்த அமைப்பை ஐம்பது வருடமாக நிற்க வைத்திருக்கிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஈழத்தில் இருக்கிறது. போருக்குப் பிறகு இந்திய அரசு 50,000 வீடுகள் அறிவித்தது. முதல் 1,000 வீடுகளை ஒப்பந்ததாரர்களை வைத்துக் கட்டினார்கள். பிறகு 2012இலிருந்து முறையை மாற்றி, வடக்கிலும் கிழக்கிலும் குடும்பங்களிடமே பணத்தைக் கொடுத்தார்கள். ஒரு வீட்டுக்கு 5.5 லட்சம் இலங்கை ரூபாய், கட்டம் கட்டமாக வங்கிக் கணக்கில். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மக்கள் தாங்களே மேசனைப் பிடித்து, தாங்களே கல்லும் மணலும் பார்த்து வாங்கிக் கட்டினார்கள். தன் வீட்டுக்கு எந்தப் பக்கம் வாசல், சமையலறை எங்கே என்று தானே முடிவெடுத்த வீட்டை மனிதர்கள் வேறு மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள்.

பணத்தைச் சொல்லியாயிற்று. இனி உங்கள் இருபத்தைந்து ஜோடிக் கைகள். இதில்தான் குழுக்கள் அதிகம் தவறுகிறார்கள்.

முதலில், கரண்டியைத் தொடாதீர்கள். சுவர் எழுப்புவது கொத்தனார் வேலை. தூக்குக்குண்டு பார்த்து, நூல் பிடித்து, ஒவ்வொரு வரியிலும் இணைப்பு மாற்றி வைக்கிற கை பத்து வருடத்தில் வருவது. ஒரு குழு ஆர்வத்தில் ஒரு பக்கச் சுவரைத் தாங்களே பூசினார்கள். அவர்கள் கிளம்பிய மறுநாள் கொத்தனார் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசினார். இரண்டு மூட்டை சிமெண்டும் ஒரு நாள் கூலியும் அந்த வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. உதவ வந்தவர்களிடம் எப்படிச் சொல்வார்?

வேலை தெரியாத கைகளுக்கு வேறு வேலை நிறைய இருக்கிறது, அதுவும் டெல்டாவில். வாய்க்கால் ஓரத் தெருவுக்குள் லாரி போகாது. செங்கலும் ஜல்லியும் எம்-சாண்டும் சாலையோரம் கொட்டப்படும். அங்கிருந்து மனைக்கு இருநூறு அடியோ முந்நூறு அடியோ சுமந்து போக வேண்டும். 300 சதுர அடி வீட்டுக்கு ஒன்பது அங்குலச் சுவர் என்றால் தரைக்கு மேலே மட்டும் ஏறத்தாழ 8,000 செங்கல் பிடிக்கும். கல் ஒன்று மூன்று கிலோ என்று வைத்தாலும் 24 டன். இதற்கு நடை கூலி தனியாகக் கேட்பார்கள், திட்டத் தொகையில் அதற்கு இடமே இல்லை. இருபத்தைந்து பேர் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினால் இரண்டு ஞாயிற்றில் முடித்துவிடலாம். அடுத்தது பேஸ்மட்டம் நிரப்புவது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் மழைக்காலத்தில் தெருவிலேயே தண்ணீர் நிற்கும், ஆகவே தெரு மட்டத்துக்கு மேல் இரண்டரை அடியாவது உயர்த்தாமல் வீடு போடக் கூடாது. 300 சதுர அடிக்கு இரண்டரை அடி என்றால் 750 கன அடி, ஏழரை யூனிட் மணல். அதைப் பாண்டு பாண்டாகக் கொட்டி, அரை அடிக்கு ஒரு தரம் தண்ணீர் விட்டு திம்ஸ் கட்டையால் இடிக்க வேண்டும். சலிப்பான வேலை. இதை ஒழுங்காகச் செய்யாத வீட்டில் இரண்டே வருடத்தில் தரை உள்வாங்கும்.

தளம் போடுகிற நாளைக்கு எல்லோரும் ஆசைப்படுவீர்கள், எனக்குத் தெரியும். நான்கு அங்குலத் தளம், சன்ஷேடு எல்லாம் சேர்த்து 120 கன அடி கான்கிரீட், எட்டு டன்னுக்கு மேல். கலந்த கான்கிரீட்டை அரை மணி நேரத்துக்குள் கொட்டிக் குத்தி முடித்துவிட வேண்டும். அதற்கென்று மெஷினோடு, வைப்ரேட்டரோடு வருகிற செட் ஆட்கள் உண்டு. ஒருவருக்கொருவர் வாய் திறக்காமலே வேலை நடக்கும் அவர்களிடம். அன்றைக்கு அவர்களுக்குக் குறுக்கே போகாதீர்கள். சாப்பாடு, மோர், குடிதண்ணீர் ஏற்பாட்டை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சாரத்தில் ஏறாதீர்கள். மேலே மின்கம்பி போகிறதா என்று காலையிலேயே ஒருவர் பார்த்துவிடுங்கள். சிமெண்டில் வெறுங்கையை வைத்தால் மாலைக்குள் தோல் வெந்துவிடும், கையுறை வாங்கி வாருங்கள்.

கூலி விஷயத்தில் ஒன்றை மறந்துவிடாதீர்கள். கல் சுமப்பதும் சாந்துச் சட்டி தூக்குவதும் அந்த ஊர்ச் சித்தாள் பெண்களின் பிழைப்பு. நீங்கள் இலவசமாகச் செய்கிற ஒவ்வொரு நாளும் அவர்களில் ஒருவருக்கு வேலை இல்லை. ஆகவே கொத்தனாரோடு தினமும் வருகிற சித்தாள் வேலையைத் தொடாதீர்கள். குடும்பம் தன் தலையில் போட்டுக்கொள்ளவிருந்த சுமையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். இருபத்தைந்து பேர் வேன் பிடித்துத் திருச்சியிலிருந்து வந்து போகிற செலவில் கொத்தனாரும் இரண்டு சித்தாளும் எத்தனை நாள் வேலை செய்வார்கள்? அத்தனை பேரும் எல்லா ஞாயிறும் வரத் தேவையில்லை. கல் இறக்குகிற நாளில் எல்லோரும், மற்ற நாளில் நான்கு பேர் போதும்.

இப்போது, ஞாயிற்றுக்கிழமைக்காரர்களால் செய்யவே முடியாத ஒரு வேலையைச் சொல்கிறேன். தண்ணீர் காட்டுவது. கட்டிய சுவரைக் குறைந்தது ஏழு நாளும், தளத்தைப் பத்து நாளுக்குக் குறையாமலும் ஈரத்திலேயே வைக்க வேண்டும். இப்போது கடையில் கிடைக்கிற பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்டுக்கு இந்தப் பத்து நாள் கட்டாயம். தளத்தின் மேல் சாந்தால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். சுவருக்கு அப்படி முடியாது, நாளைக்கு இரண்டு மூன்று வேளை ஊற்றியாக வேண்டும்.

முத்துப்பேட்டை போகிற வழியில் ஒரு காலனியில் நான் பார்த்த அம்மாவைச் சொல்ல வேண்டும். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள், நடவுக்கும் களை எடுப்புக்கும் போகிறவர். விடிகாலை நாலரைக்கு எழுந்து, தெருமுனைக் குழாயில் குடம் குடமாகப் பிடித்து வந்து, சுவரில் கீழிருந்து மேலாகத் துணியால் ஒற்றி ஒற்றி நனைப்பார். மேலிருந்து ஊற்றினால் தண்ணீர் வழிந்து ஓடிவிடுகிறதாம், ஒற்றினால் கல் குடிக்குமாம். யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆறரைக்கு வயலுக்குப் போய்விடுவார். மறுபடி மாலையில்தான். நடுப்பகல் வெயிலில் அந்தச் சுவர் காய்ந்துகொண்டிருக்கும். “மத்தியானம் ஒருதரம் வந்துட்டுப் போகலாம்னா அரை நாள் கூலி போயிரும் சார்” என்றார். அந்தக் குழு செய்த மிக நல்ல காரியம், தளம் போட்ட பிறகு பத்து நாளைக்கு அவருக்குக் கூலியைக் கொடுத்து, “நீங்கள் வயலுக்குப் போக வேண்டாம், உங்கள் வீட்டுக்கே வேலை பாருங்கள்” என்று சொன்னதுதான். தளத்தில் இன்றுவரை ஒரு விரிசல் இல்லை. அந்தப் பத்து நாள் கூலி, குழு ஒருமுறை வந்து போகிற வேன் வாடகையைவிடக் குறைவு.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. அந்தப் பக்கம் கடலை நெருங்க நெருங்க போர்வெல் தண்ணீர் உப்பு. அதில் கலவை போட்டால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதும், சில வருடத்தில் தளத்துக்கு அடியில் பத்தை பத்தையாகப் பெயர்ந்து விழும். தூங்குகிற குழந்தை மேல் விழக்கூடிய இடம் அது. வாயில் விட்டுப் பாருங்கள், கரித்தால் கலவைக்கு வேண்டாம். தளத்துக்கும் லிண்டலுக்கும் நல்ல தண்ணீர் லாரி ஒன்று வாங்கிக் கொடுங்கள். நான் சொன்ன ஐம்பதாயிரத்தில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

குறைந்த செலவு வீடுகளுக்குப் பேர்போன கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் முறையைப் பற்றியும் உங்களில் யாராவது கேட்பீர்கள். எலிப்பொறிக் கட்டு என்பார்கள், செங்கலைச் செங்குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டு எழுப்புவது. செங்கல் கால்பங்கு மிச்சமாகும், உள்ளே வெப்பமும் குறையும். கேரளத்தில் அவர் வழி வந்தவர்கள் ஏழைகளுக்கு இப்படி நிறைய வீடு கட்டியிருக்கிறார்கள், எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. ஆனால் உங்கள் கொத்தனாருக்கு அது கைவந்ததா என்று பாருங்கள். அந்தக் குடும்பம் அப்படி ஒரு வீட்டை நேரில் போய்ப் பார்த்துச் சரி என்று சொன்னதா என்றும் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் வேண்டாம். அடுத்தவர் வாழ்நாளில் கட்டப்போகிற ஒரே வீட்டில் நாம் புதுமை பழகக் கூடாது.

இதெல்லாம் தொடங்கும் முன் மனை. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு செங்கல்கூட இறக்காதீர்கள். நத்தமா, புறம்போக்கா, கோயில் நிலமா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் தெரிந்துவிடும். கீழத்தஞ்சையில் மூன்று தலைமுறையாகக் குடியிருந்தும் காலடி மண் தன் பெயரில் இல்லாத குடும்பங்கள் ஏராளம். 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்ட மண் இது. கூலி, நிலம், குடியிருப்பு எல்லாம் அங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. அந்தக் கொடுமைக்குப் பிறகு அங்கேயே வந்து தங்கிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1981இல் கணவரோடு சேர்ந்து லாஃப்டி அமைப்பைத் தொடங்கினார். முதலில் நிலத்தைப் பெண்கள் பெயரில் வாங்கிப் பதிவு செய்வது, பிறகு குடிசைக்குப் பதில் கல்வீடு என்று அவர் போன வரிசையை நீங்களும் பின்பற்றுங்கள். பட்டா இல்லையென்றால் உங்கள் குழுவின் முதல் ஆறு மாத வேலை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைவதுதான். மனு எழுதத் தெரிந்தவர், கணினி தெரிந்தவர், வேலை நாளில் விடுப்பு எடுக்கக் கூடியவர் உங்களில் இருப்பார்கள். கல் சுமப்பதைவிட அது பெரிய உதவி. பட்டா மனைவி பெயரிலோ இருவர் பெயரிலோ வரட்டும்.

பெயர்ப்பலகை வைக்காதீர்கள். ஒரு குழு, நிலைக்குப் பக்கத்திலேயே தங்கள் பெயர் பொறித்த கிரானைட் கல்லைப் பதித்துவிட்டுப் போனார்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் வாசலில் நின்று அதைத்தான் முதலில் வாசித்தார்கள். அவள் அப்பா அன்றைக்கு முழுக்கத் தலை நிமிரவில்லை. திட்டத்துக்கான அரசுப் பலகை எப்படியும் வரும், அது விதி. அதற்கு மேல் இன்னொன்று வேண்டாம். சாவி கொடுப்பதாகப் படமும் எடுக்க வேண்டாம். பால் காய்ச்சுகிற அன்று கூப்பிட்டால் சொந்தக்காரர்களைப் போலப் போங்கள், பாத்திரமோ புடவையோ எடுத்துக்கொண்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

முன்பணக் கணக்கை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, இரு பக்கமும் கையெழுத்துப் போட்டு, நோட்டை அவர்களிடமே கொடுத்து வையுங்கள். ஒரு நகல் உங்களிடம் இருந்தால் போதும். தவணை தாமதமானால் நெருக்காதீர்கள். ஒன்றிய அலுவலகத்துக்கு அவர்களோடு போய் அளவு எடுத்தாயிற்றா, பில் போட்டாயிற்றா என்று விசாரியுங்கள். பேன்ட் சட்டையில் ஒருவர் கூட வந்தால் பதில் சீக்கிரம் கிடைக்கிறது. அப்படி இருக்கக் கூடாதுதான், ஆனால் இருக்கிறது.

வேலையைத் தை, மாசியில் தொடங்கினால் ஆடிக்குள் தளம் போட்டுவிடலாம். பிறகு ஐப்பசியில் ஒரு பெருமழை முடிந்ததும் இரண்டு பேர் மட்டும் போய் வாருங்கள். தளத்துக்கும் சுவருக்கும் சேருகிற மூலை, சன்ஷேடின் மேல்பக்கம், கழிப்பறைச் சுவரின் அடி, இந்த மூன்று இடத்திலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஈரம் தட்டினால் வெயில் வந்ததும் கொத்தனாரை ஒரு நாள் அனுப்பி அடைத்துவிடுங்கள்.